பைக் ஸ்பீக்கர்ல வர்ற வீய்ய்ங் சத்தம்: ஃபில்டர் வாங்குறதுக்கு முன்னாடி எர்த்த பாருங்க

வண்டில ஸ்பீக்கர் மாட்டுனவங்க முக்கால்வாசி பேருக்கு இந்த சத்தம் பழக்கம்தான். இன்ஜின் ஆஃப்ல இருக்குறப்போ பாட்டு கணீர்னு கேக்கும், செல்ஃப் அடிச்சதும் பின்னாடி ஒரு வீய்ய்ங் வந்து ஒட்டிக்கும், ஆக்சிலேட்டர முறுக்க முறுக்க அதுவும் மேல ஏறும், விட்டா கூடவே இறங்கும். ஃபாஸ்ட் பீட் பாட்டுல பெருசா தெரியாது, ஆனா மெலடி போட்டீங்கன்னா ரெண்டு வரிக்கு நடுவுல வர்ற கேப்ப முழுக்க அதுவே ரொப்பிடும். கடைக்கு போனா ஒரே பதில், "ஃபில்டர் போட்டா சரியாயிடும் பாஸ்". ஃபில்டர்னா பவர் வயர்ல மாட்டுற, சத்தத்த தடுக்குற ஒரு டப்பா. போட்டும் சரியாகலன்னா இன்னும் பெரிய ஃபில்டர்.

சித்தப்பா பையன் வண்டில அந்த மாதிரி ஏற்கனவே ரெண்டு ஃபில்டர் இருந்துச்சு. 350 சிசி, ஒத்த சிலிண்டர், கார்புரேட்டர் காலத்து வண்டி. லெக் கார்டுல ரெண்டு நாலு இஞ்ச் மரைன் ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில ஒரு டிபிஏ3116 ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போர்டு, ஹெட்லைட் டூம் பக்கத்துல ஒரு ப்ளூடூத் போர்டு, அதுக்கு 5 வோல்ட் குடுக்க ஒரு எல்எம்2596 (வண்டி வோல்டேஜ கொறைச்சு குடுக்குற குட்டி போர்டு). ஒரு கடையில மொத்தமா மாட்டி குடுத்திருக்காங்க, வேலை பாக்க நீட்டாதான் இருந்துச்சு, ஸ்லீவ் எல்லாம் போட்டு. "அண்ணா, நீ ஒரு தடவ பாரு, இல்லன்னா மொத்தத்தையும் கழட்டி ஓஎல்எக்ஸ்ல போட்டுடறேன்"னு கொண்டு வந்து நிறுத்திட்டான்.

மொதல்ல இந்த சத்தம் எங்கருந்து பொறக்குதுன்னு பாத்துடுவோம், ஏன்னா இது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. வண்டில கார் மாதிரி பெல்ட் போட்ட ஆல்டர்னேட்டர் கிடையாது, கிராங்க் முனையில காந்தம் வெச்ச ஃப்ளைவீல், அதுக்குள்ள ஸ்டேட்டர் காயில், நம்ம மெக்கானிக்குங்க மேக்னெட் காயில்னு சொல்றது அதத்தான். இன்ஜின் சுத்துனா ஏசி வரும், ரெக்டிஃபையர் யூனிட் அத டிசியா மாத்தி பேட்டரிக்கு அனுப்பும். 12 போல் காந்தம் இருக்குற த்ரீ ஃபேஸ் வண்டின்னு வெச்சுக்கோங்க, ஒரு சுத்துக்கு 6 சைக்கிள், 3000 ஆர்பிஎம்ல செகண்டுக்கு 50 சுத்து, ஆக 300 ஹெர்ட்ஸ். அத டிசியாக்கும்போது ஒரு சைக்கிளுக்கு ஆறு மேடு விழும், அப்போ 1800 ஹெர்ட்ஸ். ஐடில்ல 1200 ஆர்பிஎம்னா 720, 5000 ஆர்பிஎம்க்கு போனா 3000. மனுஷக் காது ரொம்ப கூர்மையா கேக்குற ஏரியாவே 2000லருந்து 5000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான், கரெக்டா அங்க போய் நிக்குது பாருங்க. அதனாலதான் மில்லிவோல்ட் கணக்குல இருக்குற குப்பை கூட காத கிழிக்குது.

இதுல ரெக்டிஃபையர் இன்னொரு வேலையும் பண்ணும். நெறைய வண்டில இருக்குறது ஷண்ட் டைப், அதாவது வோல்டேஜ் 14 சொச்சத்த தாண்டுனா காயில உள்ளேயே ஷார்ட் பண்ணி மிச்ச கரண்ட கீழ தள்ளிடும். சைக்கிளுக்கு நடுவுல டக்கு டக்குனு வெட்டி வெட்டி பண்றதால வர்ற அலை வழவழன்னு இருக்காது, முள்ளு முள்ளா இருக்கும். வீய்ய்ங் கூட ஒரு கரகரப்பும் சேந்து வர்றது அதனாலதான்.

சரி, இந்த குப்பை ஸ்பீக்கர் வரைக்கும் எப்படி வருது? வழி நாலுதான் இருக்கு: ஆம்புக்கு போற பாசிட்டிவ் வயர் வழியா, எர்த்து வழியா (கரண்ட் பேட்டரி மைனஸுக்கு திரும்புற வழி, கிரவுண்டுன்னும் சொல்வாங்க), ப்ளூடூத் போர்டுலருந்து ஆம்புக்கு போற சிக்னல் வயர் வழியா, இல்ல காத்து வழியா ரேடியோ மாதிரி. எந்த வழின்னே தெரியாம ஃபில்டர் போடறது கொசு ஜன்னல் வழியா வர்றப்போ வாசக்கதவ சாத்துற கதைதான். கடைல விக்கிற பவர் ஃபில்டர் பாசிட்டிவ் வழிய மட்டும்தான் அடைக்கும். நான் பாத்த வரைக்கும் வண்டிகள்ல பிரச்சனை பெரும்பாலும் எர்த்துதான், பாசிட்டிவ் இல்ல.

டெஸ்ட் பண்றதுக்கு ஆசிலோஸ்கோப் எல்லாம் வேணாம். ஒரு பவர் பேங்க், அந்த மஞ்சள் கலர் டிடி830டி மல்டிமீட்டர். அவ்ளோதான். அந்த மீட்டர்ல ஏசி ரேஞ்சு வெச்சு பேட்டரில ரிப்பிள் (டிசி மேல மிச்சம் இருக்குற அலை) பாக்கலாம்னு வீடியோல எல்லாம் சொல்றாங்க, அத நம்பாதீங்க, அதுல ஏசிக்கு 200, 750ன்னு ரெண்டே ரேஞ்சு, மில்லிவோல்ட் எங்க தெரியப்போகுது, அதுவும் இல்லாம அந்த மாதிரி சீப் மீட்டர்ல ஏசில வெச்சு டிசிய தொட்டா ப்ரோப் இப்படி வெச்சா ஏறக்குறைய ரெண்டு மடங்கு காட்டும், திருப்பி வெச்சா ஜீரோ காட்டும். அத பாத்து பயந்து ரெக்டிஃபையர மாத்துனவங்க கூட இருக்காங்க.

மொதல்ல ப்ளூடூத் போர்ட ஆம்புலருந்து கழட்டிட்டு ஆம்ப் இன்புட்டையே ஷார்ட் பண்ணி, அதாவது லெஃப்ட், ரைட், கிரவுண்ட் மூணையும் ஒன்னா முறுக்கி விட்டு இன்ஜின ஓட்டுனோம். சத்தமே இல்ல. இந்த ஒரு டெஸ்ட்லயே பவர் வழி கிட்டத்தட்ட அடிபட்டு போச்சு. பாசிட்டிவ்ல வர்ற ரிப்பிள ஆம்ப் ஐசியே நல்லாவே தடுக்குது, ஏற்கனவே மாட்டியிருந்த ரெண்டு ஃபில்டரும் சும்மா சுமைதான்.

அடுத்து ப்ளூடூத் போர்ட திரும்ப மாட்டிட்டு, அதோட 5 வோல்ட்ட மட்டும் வண்டிலருந்து எடுக்காம பவர் பேங்க்லருந்து குடுத்தோம். ஆம்ப் வண்டி பேட்டரிலயே ஓடுது, இன்ஜின் ஓடுது, முறுக்கி பாத்தா வீய்ய்ங் காணோம். பையன் மூஞ்சிய பாக்கணுமே. "அப்போ பவர் பேங்கையே டேங்க் பேக்ல வெச்சிக்கிட்டா முடிஞ்சிதா?"ன்னான். முடியாதுன்னு இல்ல, ஆனா நெறைய பவர் பேங்க் இந்த மாதிரி குட்டி லோட கண்டா கொஞ்ச நேரத்துல தானா ஆஃப் ஆயிடும், டெஸ்ட் பண்ணும்போதே ஆச்சு, பட்டன அமுக்கிட்டே ஓட்டுனோம்.

இந்த ஒரு விஷயம் தெரிஞ்சதும் ஆள் மாட்டிக்கிச்சு. ஆம்போட எர்த்து சீட்டுக்கு அடியில சேஸிஸ்ல ஒரு போல்ட்ல. ப்ளூடூத்துக்கு 5 வோல்ட் குடுக்குற எல்எம்2596 எர்த்து முன்னாடி ஹெட்லைட் பக்கம் ஹாரன் எர்த்தோட சேத்து முறுக்கினது. ரெண்டும் எர்த்துதானேன்னு தோணும், ஆனா ரெண்டுக்கும் நடுவுல இருக்குற சேஸிஸ், போல்ட், பெயிண்டு, துரு, வண்டியோட பழைய வயரிங் எல்லாத்துலயும் ரெக்டிஃபையர், இக்னிஷன், ஹெட்லைட் எல்லாத்தோட கரண்டும் திரும்பி ஓடிக்கிட்டு இருக்கு. ரெசிஸ்டன்ஸ் 0.05 ஓம்னு சும்மா வெச்சாலே 3 ஆம்பியர் ஓடுனா 150 மில்லிவோல்ட் வந்துடும். ப்ளூடூத் போர்டுலருந்து வர்ற பாட்டே சில நூறு மில்லிவோல்ட்தான், மெலடில அதுலயும் கம்மி. ஆம்ப் என்ன பண்ணும், வர்றத எல்லாம் பாட்டுன்னு நெனச்சு பெருசாக்கும். ஆடியோ வயரோட கிரவுண்ட் கம்பி ரெண்டு எர்த்தையும் இணைக்குற ஒரு பாலமாயிடுச்சு, வண்டி கரண்ட் கொஞ்சம் அது வழியாவும் ஓடுது. கிரவுண்ட் லூப்னு சொல்றது இதத்தான்.

இத மீட்டர்லயே பாக்கலாம், இதுக்கு அந்த மஞ்சள் மீட்டர் தாராளமா போதும். டிசி 200 மில்லிவோல்ட் ரேஞ்சுல வெச்சு ஒரு ப்ரோப் பேட்டரி நெகட்டிவ் முனையில (டெர்மினல் போல்ட்ல இல்ல, ஈய முனையிலயே), இன்னொன்னு ஆம்ப் போர்டோட கிரவுண்ட்ல. இன்ஜின் ஓடி, லைட்டு போட்டு, பாட்டு சத்தமா வெச்சு பாருங்க. அவன் வண்டில நம்பர் நிக்கவே இல்ல, பீட்டுக்கு ஏத்த மாதிரி நூத்துக்கும் மேல போய் போய் வந்துச்சு. போல்ட்ட கழட்டி பாத்தா வாஷருக்கு அடியில பெயிண்டு அப்படியே இருக்கு, லக்கு (வயர் முனையில இருக்குற வளையம்) பெயிண்டு மேல உக்காந்திருக்கு, போல்ட் மரை வழியா மட்டும்தான் காண்டாக்டு. சுரண்டி மாட்டுனா கொஞ்ச நாளைக்கு நல்லா இருக்கும், மழைல துரு புடிச்சதும் பழைய கத. அதனால சேஸிஸ் எர்த்தே வேணாம்னு முடிவு.

பேட்டரிலருந்து நேரா ரெண்டு வயர், 2.5 ஸ்கொயர் எம்எம், செவப்பும் கருப்பும் ஒன்னோட ஒன்னு முறுக்கி ஆம்ப் வரைக்கும். பாசிட்டிவ்ல பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளயே 7.5 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ ஆம்ப் பக்கத்துல வெச்சா நடுவுல வயர் எங்கயாச்சும் தேஞ்சு சேஸிஸ்ல பட்டா அந்த ஃபியூஸுக்கு தெரியவே தெரியாது, வயர்தான் எரியும், அதுவும் பெட்ரோல் டேங்குக்கு அடியில. கீ ஆன் பண்ணா மட்டும் வேலை செய்யறதுக்கு ஒரு ரிலே, கீ லைன் அந்த ரிலே காயில மட்டும்தான் ஓட்டும், பாட்டுக்கான கரண்ட் அது வழியா போகாது. அப்புறம் முக்கியமானது, எல்எம்2596 போர்ட முன்னாடி பக்கத்துலருந்து பிச்சு ஆம்ப் பக்கத்துக்கே கொண்டு வந்து, அதோட பாசிட்டிவ், நெகட்டிவ் ரெண்டையும் ஆம்போட சப்ளை டெர்மினல்லயே குடுத்தோம். எர்த்துன்னா இப்போ ஒரே ஒரு புள்ளி. ஒத்தையடிப்பாதை, வேற எங்கயும் சேஸிஸ தொடக்கூடாது, ஆம்ப் போர்ட மாட்டுற ஸ்க்ரூ கூட பிளாஸ்டிக் ஸ்பேசர்தான்.

வீய்ய்ங் முக்காவாசி போயிடுச்சு. ஆனா பாட்ட நிறுத்தி வெச்சு காத கிட்ட வெச்சா மெல்லிசா "ச்ச்சிர்... சிக் சிக் சிக்"னு ஒன்னு. இது இன்ஜின் ஆஃப்லயும் இருக்கு, அப்போ வண்டி மேல பழி போட முடியாது. இது ப்ளூடூத் சிப்போட வேலை. அது ரேடியோவ அனுப்பும்போது கரண்ட விட்டு விட்டு இழுக்கும், அந்த கரண்ட் ஆம்புக்கு திரும்பி போறதுக்கு ரெண்டு வழி, ஒன்னு சப்ளை கிரவுண்ட் வயர், இன்னொன்னு ஆடியோ கிரவுண்ட் வயர். ரெண்டாவது வழில போற பங்குதான் உங்களுக்கு கேக்குது. வீட்ல ஆம்ப் அசெம்பிள் பண்றவங்களுக்கு இந்த சத்தம் நல்லா தெரியும், ஒரே அடாப்டர்ல ஆம்பும் ப்ளூடூத்தும் ஓட்டுனா இதே கததான்.

இதுக்கு மருந்து பி0505எஸ் 1 வாட். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்த மாட்யூல் கடைலயும் கேளுங்க, கட்ட வெரல் நகம் சைஸுல கருப்பா நாலு கால் வெச்ச ஒரு டப்பா. உள்ள ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, 5 வோல்ட் உள்ள போய் 5 வோல்ட்டா வெளிய வரும், ஆனா உள்ள போன கிரவுண்டுக்கும் வெளிய வந்த கிரவுண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. ப்ளூடூத் போர்டுக்கு இதுலருந்து சப்ளை குடுத்துட்டா அதுக்கு எர்த்துன்னு இருக்குற ஒரே தொடர்பு ஆடியோ வயர் மட்டும்தான், லூப்பே உருவாக முடியாது. ரெண்டு பக்கமும் ஒரு 10 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) கெப்பாசிட்டர் போதும், பெருசு போட்டா நல்லதுன்னு அவுட்புட்ல 1000 போட்டீங்கன்னா சில பீஸ் ஸ்டார்ட்டே ஆகாது. இன்னொன்னு, 1 வாட்னா 200 மில்லி ஆம்பியர்தான். வெறும் ப்ளூடூத் போர்டுக்கு தாராளம். டிஸ்ப்ளே, ரிமோட்டு, பென்டிரைவ் எல்லாம் வெச்ச எம்பி3 பேனலுக்கு பத்தாம போக வாய்ப்பு இருக்கு, மீட்டர சப்ளை வயருக்கு நடுவுல சீரீஸ்ல போட்டு கரண்ட் பாத்துட்டு வாங்குங்க. மாட்டும்போது உள்ள வர்ற மைனஸையும் வெளிய போற மைனஸையும் "ரெண்டும் எர்த்துதானே"ன்னு சேத்து சோல்டர் பண்ணிட்டா அந்த டப்பா இருந்தும் இல்லாத மாதிரி.

ஆக்ஸ் வயர்ல போன கனெக்ட் பண்ணி, அதே நேரம் ஹேண்டில்பார் சார்ஜர்ல சார்ஜும் போடறவங்களுக்கும் இதே வியாதிதான். சார்ஜர கழட்டுனதும் சத்தம் நின்னா அது லூப்தான். அங்க ஆக்ஸ் லைன்ல கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்னு ரெண்டு பக்கமும் 3.5 எம்எம் பின் வெச்சு வர்றத போட்டா போதும், உள்ள ரெண்டு ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர். அடி பாஸ் கொஞ்சம் கொறையும்னு ஆடியோ ஆளுங்க மூஞ்ச சுளிப்பாங்க, அறுபதுல போற வண்டில நாலு இஞ்ச் ஸ்பீக்கர்ல அடி பாஸ் எங்க இருந்துச்சு கொறையறதுக்கு.

இதுக்கு அப்புறமும் ஐடில்ல "டிக் டிக் டிக்"னு மிச்சம் இருந்துச்சு. வீய்ய்ங் வேற, டிக் வேற. டிக்னா ஸ்பார்க் ப்ளக், ஒவ்வொரு தடவ ஸ்பார்க் அடிக்கும்போதும் ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன் மாதிரி நாலாபக்கமும் பரப்பும். ஆடியோ வயர் டேங்குக்கு அடியில இக்னிஷன் காயில்லருந்து ப்ளக்குக்கு போற ஹை டென்ஷன் கேபிள கட்டிப்புடிச்சிக்கிட்டே போகுது, டேக் போட்டு சேத்தே கட்டியிருக்காங்க, பாக்க அழகா. பிரிச்சு சேஸிஸோட மறு பக்கமா கொண்டு போனோம், கிராஸ் பண்ண வேண்டிய எடத்துல மட்டும் குறுக்கா. சாதா வயர எடுத்துட்டு ஷீல்டு வயர், ஷீல்ட ஆம்ப் பக்கம் மட்டும் சோல்டர் பண்ணிட்டு மறுமுனைய வெட்டி விட்டாச்சு, சிக்னல் கிரவுண்டுக்கு உள்ள தனி வயர் இருக்கு. அப்புறம் ப்ளக். ப்ளக் நம்பர்ல ஆர்னு ஒரு எழுத்து இருக்கான்னு பாருங்க, பிபி6எச்எஸ்க்கு பதிலா பிபிஆர்6எச்எஸ்ங்குற மாதிரி. ஆர்னா உள்ள சுமார் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்குற ப்ளக், மீட்டர் வெச்சு மேல இருக்குற முனைக்கும் நடு எலக்ட்ரோடுக்கும் பாத்தாலே தெரியும். இவன் வண்டில ஆர் இல்லாத ப்ளக், ப்ளக் கேப்பும் ஏதோ ரெசிஸ்டர் இல்லாத லோக்கல் கேப்பு, "பெர்ஃபாமன்ஸ்"னு சொல்லி யாரோ மாட்டி விட்டது. புதுப்பேட்டைல ரெண்டையும் ரெசிஸ்டர் டைப்பா வாங்கி போட்டோம், வண்டி ஓட்டத்துல ஒரு வித்தியாசமும் இல்ல, டிக் மட்டும் போயிடுச்சு. 2020க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 எஃப்ஐ (ஃப்யூவல் இன்ஜெக்ஷன்) வண்டி வெச்சிருக்கவங்க ஆர் இல்லாத ப்ளக்க தொடவே தொடாதீங்க, ஈசியுவே (இன்ஜின கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) குழம்ப வாய்ப்பு இருக்கு. எஃப்ஐ வண்டில கீ போட்டதும் ரெண்டு மூணு செகண்ட் ஸ்பீக்கர்ல "வூம்"னு வந்து நின்னுச்சுன்னா அது ஃப்யூவல் பம்ப், அதுக்கும் இந்த எர்த்து வேலைதான் மருந்து.

அப்போ ஃபில்டரே தேவையில்லையான்னா, தேவைப்படுற வண்டி இருக்கு. இன்புட்ட ஷார்ட் பண்ணியும் வீய்ய்ங் வந்தா பவர் வழிதான், அப்போ போடுங்க. ஆனா கணக்கு தெரிஞ்சு போடுங்க: 1 மில்லிஹென்றி சோக்கும் (கோர்ல சுத்தின காயில்) 2200 எம்எஃப்டி 25 வோல்ட் கெப்பாசிட்டரும் சேந்தா 107 ஹெர்ட்ஸ்லருந்து தடுக்க ஆரம்பிக்கும், ஐடில்ல வர்ற 720 ஹெர்ட்ஸ நாப்பதுல ஒரு பங்குக்கும் கீழ கொண்டு வரும். இது பேப்பர்ல. சோக்கு கம்பி மெல்லிசா இருந்தா, இல்ல கோர் சின்னதா இருந்தா, ஆம்ப் கரண்ட் இழுக்குறப்போ கோர் சாச்சுரேட் ஆகி வெறும் வயரா மாறிடும். அவன் வண்டில இருந்த ரெண்டுல ஒன்ன ஆர்வத்துல ஒடச்சு பாத்தேன், அஞ்சாறு சுத்து சுத்தின ஒரு ஃபெரைட் கம்பியும் ஒரு குட்டி கெப்பாசிட்டரும், மிச்ச எடம் முழுக்க தார்.

காசே செலவில்லாம பண்ணக்கூடியது ஒன்னு, வால்யூம் பேலன்ஸ். போன் வால்யூம பாதில வெச்சிட்டு ஆம்ப் வால்யூம் திருகிய ஃபுல்லா திருப்பி வெச்சா நடுவுல சேந்த குப்பையும் ஃபுல்லா பெருசாகும். போன எண்பது தொண்ணூறு பர்சன்ட்ல வெச்சு ஆம்ப இறக்குங்க. டிபிஏ3116ல கெயின் (சிக்னல எவ்ளோ பெருசாக்கணும்ங்குறது) 20, 26, 32, 36 டெசிபல்னு நாலு செட்டிங் இருக்கு, போர்டுல ரெண்டு ரெசிஸ்டர மாத்துனா இறக்கிடலாம், சோல்டரிங் கை இருந்தா பண்ணுங்க. "100 வாட்"னு போர்டுல போட்டிருக்கத பாத்து ஏமாறவும் வேணாம், 14 வோல்ட்ல 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு பக்கத்துக்கு 20 வாட் சொச்சம்தான் சுத்தமா வரும், அதுவே தெரு முழுக்க திரும்பி பாக்க போதும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பீக்கர் மைனஸ எக்காரணத்த கொண்டும் சேஸிஸ்ல குடுக்காதீங்க. டிபிஏ3116, டிடிஏ7297 மாதிரி ஐசி எல்லாம் பிரிட்ஜ் டைப், ஸ்பீக்கரோட ரெண்டு வயர்லயும் வோல்டேஜ் இருக்கும், மைனஸ்னு எழுதியிருந்தாலும் அது எர்த்து இல்ல. வயர் மிச்சம் பண்றேன்னு ஒத்த வயர் இழுத்து மறுமுனைய பாடில குடுக்குற பழக்கம் பழைய ஹாரன் வயரிங்லருந்து வந்தது, அத இங்க பண்ணா ஐசி காலி. பழைய கம்யூட்டர் வண்டி சிலதுல ஹெட்லைட் நேரா காயில்லருந்து ஏசில ஓடும், அந்த வயர்லருந்து ஆம்புக்கு சப்ளை எடுத்து வெச்சிருந்தா மேல சொன்ன எதுவும் வேலைக்கு ஆகாது, மொதல்ல அத பேட்டரிக்கு மாத்துங்க.

இப்போ ஈசிஆர்ல ஓட்டி பாத்தாச்சு, பாட்ட நிறுத்துனா ஸ்பீக்கர் இருக்குற எடமே தெரியல. போர்டுங்க மேல கெப்பாசிட்டர், சோக்கு கால்ல எல்லாம் சிலிகான் வெச்சு விட்டேன், ஒத்த சிலிண்டர் அதிர்வுல சோல்டர் விட்டுடும். மிச்சம் இருக்குறது ஒன்னே ஒன்னு. செல்ஃப் அடிச்சா பேட்டரி வோல்டேஜ் டபக்குனு விழுது, ப்ளூடூத் போர்டு ரீசெட் ஆகி அதுல பதிவு பண்ணியிருக்குற அம்மா குரல் இங்கிலீஷ்ல ஏதோ கத்துது. எல்எம்2596 இன்புட்ல ஒரு 1என்5822 டயோடும் 4700 எம்எஃப்டியும் போட்டா அந்த அரை செகண்ட தாங்கிடும், வாங்கி கூட வெச்சிருக்கேன். "வேணாம்ணா, அது கத்துனாதான் ஹெல்மெட்டுக்குள்ள வண்டி ஸ்டார்ட் ஆச்சுன்னு தெரியுது"ங்குறான்.